ஹைபிரிட் கார் பேட்டரி ஃபேனைக் கழற்றி மேசையில் சோதிப்பது: முழுமையான வழிகாட்டி

பேட்டரி குளிர்விக்கும் ஃபேன் கோளாறு என்று ஸ்கேனர் காட்டியதும் புது ஃபேனுக்கு ஆர்டர் போட்டுவிடுகிறார்கள். புதுசு மாட்டியும் அதே கோளாறு திரும்பி வரும். ஏனென்றால் ஃபேன் நன்றாகவே இருந்திருக்கும். பழுது ஒயரிலோ, உப்பு அரித்த எர்த் போல்ட்டிலோ (ஃபேனின் மைனஸ் ஒயரை வண்டியின் உடலோடு இணைக்கும் போல்ட்), பஞ்சு அடைத்த ஃபேன் சக்கரத்திலோ இருக்கும். கடலூர், புதுச்சேரி மாதிரி கடலோர ஊர்களில் இந்த எர்த் போல்ட்தான் முதல் சந்தேகம்.

இந்த வழிகாட்டி பிரியஸ், கேம்ரி ஹைபிரிட் போல, காற்றால் குளிரும் பேட்டரி உள்ள வண்டிகளுக்கானது. தண்ணீரால் குளிரும் பேட்டரிக்கு இது பொருந்தாது.

1. கழற்றும் முன் காரிலேயே எடுக்க வேண்டிய அளவுகள்

மேசைச் சோதனையில் வரும் எண்களை ஒப்பிட ஓர் அடிப்படை வேண்டும். அந்த அடிப்படை காரில்தான் கிடைக்கும். கழற்றிவிட்டுப் பிறகு யோசித்தால், மேசையில் வரும் வேகம் சரியா தப்பா என்று சொல்ல ஆள் இருக்காது.

முதலில் கோளாறு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பி0ஏ81, பி0ஏ82, பி0ஏ84, பி0ஏ85 ஆகியவை பேட்டரி ஃபேன் சம்பந்தப்பட்டவை. 84 என்றால் கட்டுப்பாட்டுச் சுற்றில் வோல்டேஜ் குறைவு, 85 என்றால் அதிகம். இரண்டுமே ஒயரைப் பார்க்கச் சொல்லும் எண்கள். மோட்டார் செத்துப்போனது என்று அவை சொல்வதில்லை. கூடவே பி0ஏ80 இருந்தால் பேட்டரி செல்களே பலவீனம் என்று பொருள். அப்போது ஃபேனை மட்டும் சரிசெய்து வண்டியைக் கொடுத்துவிடாதீர்கள்.

அடுத்து, ஸ்கேனரிலிருந்தே பாகங்களை இயக்கிப் பார்க்கும் ஆக்டிவ் டெஸ்ட்டில் ஃபேனை ஒவ்வொரு வேகமாக ஓட்டிப் பாருங்கள். டொயோட்டாவின் டெக்ஸ்ட்ரீம் மென்பொருளில் இந்த வேகம் 0 முதல் 6 வரை. ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்போதே, கனெக்டரின் பின்பக்கமாக மெல்லிய ஊசி முனையை நுழைத்து நான்கு அளவுகள் எடுக்கவும்:

- ஃபேனுக்கு வரும் பிளஸ் வோல்டேஜ். 12 வோல்ட் பேட்டரியில் இருப்பதைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறையக் கூடாது.
- ஃபேனின் எர்த் பின்னுக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையே உள்ள வோல்டேஜ். 0.1 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும்.
- வேகச் சிக்னலின் ஹெர்ட்ஸும் (நொடிக்கு எத்தனை பல்ஸ்) டியூட்டி சதவீதமும் (ஒவ்வொரு பல்ஸிலும் எத்தனை சதவீத நேரம் கோட்டில் வோல்டேஜ் இருக்கிறது), ஒவ்வொரு வேகத்துக்கும் தனித்தனியாக.
- வேகத்தைத் திருப்பிச் சொல்லும் ஒயரில் வரும் ஹெர்ட்ஸ், அதுவும் ஒவ்வொரு வேகத்துக்கும்.

இங்கே புதியவர்கள் இரண்டு இடத்தில் இடறுகிறார்கள். ஃபேன் நிற்கும்போது பிளஸ் ஒயரில் அளந்து, பூஜ்யம் காட்டுகிறதே, ஒயர் அறுந்துவிட்டது என்பார்கள். பல மாடல்களில் ஃபேனுக்கான ரிலே என்ற மின் சுவிட்சை வண்டியின் கம்ப்யூட்டர்தான் போடுகிறது. கட்டளை போனால்தான் கரண்ட் வரும். இன்னொன்று, கனெக்டரைக் கழற்றி வைத்துக்கொண்டு அளப்பது. சுமை இல்லாதபோது, துரு பிடித்த இணைப்பும் 12 வோல்ட்டை அப்படியே காட்டும். ஃபேன் சுத்தமாக ஓடாத வண்டியென்றால், அந்தப் பிளஸ், எர்த் ஒயர்களுக்கு இடையே ஒரு 21 வாட் இண்டிகேட்டர் பல்பை மாட்டி, ஆக்டிவ் டெஸ்ட் கொடுத்து அளந்து பாருங்கள். பல்பு மங்கினால் பழுது ஒயரில்தான்.

எர்த்தில் 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த போல்ட்டைக் கழற்றி, உலோகம் தெரியும்வரை தேய்த்து, மறுபடி இறுக்கி அளக்கவும். ஃபேனைக் கழற்றும் வேலையே மிச்சமாகலாம்.

2. பெரிய பேட்டரியைத் துண்டித்தல்

ஃபேன் 12 வோல்ட்தான். ஆனால் அது ஒட்டிக்கொண்டிருப்பது பிரியஸில் 201.6 வோல்ட், கேம்ரி ஹைபிரிட்டில் 244.8 வோல்ட் பேட்டரியோடு. அதனால் இந்தக் கட்டத்தில் குறுக்குவழி கிடையாது.

வண்டியை அணைத்து, சாவியை வேறு அறையில் வையுங்கள். பட்டன் ஸ்டார்ட் வண்டியில் சாவி சட்டைப் பையில் இருந்தாலே போதும், வண்டி விழித்துக்கொள்ளும். பிறகு 12 வோல்ட் பேட்டரியின் மைனஸைக் கழற்றவும். அதற்கு முன்பே டிக்கிக் கதவைத் திறந்து வைத்திருக்க வேண்டும். பிரியஸில் அந்தப் பூட்டு மின்சாரத்தில் திறப்பது, கரண்ட் போனபின் சாத்திவிட்டால் சீட் வழியாகத் தவழ வேண்டிவரும்.

1000 வோல்ட் தாங்கும் ரப்பர் கையுறையை மணிக்கட்டுப் பக்கமிருந்து சுருட்டி, காற்றடைத்து, கசிவில்லை என்று பார்த்த பின் போட்டுக்கொள்ளவும். பெரிய பேட்டரியின் சுற்றைத் துண்டிக்கும், ஆரஞ்சு நிறப் பிடியுள்ள சர்வீஸ் பிளக்கை இழுத்தெடுத்து உங்கள் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பட்டறையில் இன்னொருவர் நல்லெண்ணத்தில் அதைத் திரும்ப மாட்டிவிடக் கூடாது. இன்வெர்ட்டரின் கெப்பாசிட்டரில் தேங்கிய மின்சாரம் வடிய 10 நிமிடம் காத்திருக்கவும்.

வெள்ளத்தில் நின்ற வண்டி தனி ரகம். 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது தண்ணீரில் நின்ற வண்டிகள் இன்றைக்கும் செகண்ட் ஹேண்டில் கைமாறி வரலாம். டிக்கித் தரையில் வண்டல் கோடு, பேட்டரிப் பெட்டி ஓரத்தில் பச்சை அல்லது வெள்ளைப் பூச்சு தென்பட்டால் கையை எடுத்துவிடுங்கள். அந்தப் பெட்டியின் இன்சுலேஷனை உயர் மின்னழுத்தப் பயிற்சி பெற்றவர் சோதிக்கும்வரை ஃபேன் காத்திருக்கட்டும்.

3. கழற்றுதல், கையால் பார்த்தல்

டக்ட்டை (காற்று போகும் குழாயை) கழற்றும் முன் அதன் ஸ்பாஞ்ச் சீல்கள் எந்தப் பக்கம் இருந்தன என்று போட்டோ எடுத்துக்கொள்ளவும். கனெக்டரை லாக்கை அழுத்தித்தான் இழுக்க வேண்டும். ஒயரைப் பிடித்து இழுத்தால் பின் உள்ளே நழுவி, இல்லாத ஒரு பழுதை நீங்களே உண்டாக்கிவிடுவீர்கள்.

வெளியே எடுத்ததும் சக்கரத்தை விரலால் சுற்றிப் பாருங்கள். ஒரே சீராகச் சுற்றி மெதுவாக நிற்க வேண்டும். கரகரப்பு இருந்தால் பேரிங். நடுக்குமிழைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் ஆட்டம் தெரியக் கூடாது. சக்கரம் கூட்டில் உரசினால் கரண்ட் கொடுக்கவே வேண்டாம். கருகிய வாடை அடித்தாலும் அப்படித்தான்.

சக்கரம் அழுக்காக இருந்தால் உடனே துடைக்கக் கை பரபரக்கும். பொறுங்கள். அழுக்கோடு ஒருமுறை, சுத்தம் செய்தபின் ஒருமுறை என்று இரண்டு தடவை அளந்தால்தான், கோளாறுக்குக் காரணம் அழுக்கா மோட்டாரா என்பது விளங்கும்.

கனெக்டர் பின்களில் பச்சை படிந்திருந்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்து மெல்லிய பிரஷ்ஷால் தேய்க்கவும். உப்புத்தாள் வேண்டாம், முலாம் போய்விடும், பிறகு கடல் காற்றில் ஒரே மழைக்காலத்தில் மறுபடி பச்சை பூக்கும்.

4. மேசையில் தேவையானவை

- 0 முதல் 15 வோல்ட் வரை மாற்றக்கூடிய, 10 ஆம்ப் கொடுக்கும் பவர் சப்ளை. கரண்ட் எல்லையைக் குறைக்கும் வசதி இருக்க வேண்டும்.
- இன்லைன் ஃபியூஸ். காரின் ஃபியூஸ் பெட்டியில் பேட்டரி ஃபேனுக்குப் போட்டிருக்கும் அதே ஆம்ப்.
- ஹெர்ட்ஸும் டியூட்டியும் காட்டும் மல்டிமீட்டர்.
- டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டர்.
- பி.டபிள்யூ.எம் சிக்னல் (டியூட்டியை மாற்றக்கூடிய பல்ஸ்) தரும் சிறு மாட்யூல், அல்லது ஆர்டுயினோ என்ற சிறு கம்ப்யூட்டர் போர்டு.
- பிசி547 டிரான்சிஸ்டர் ஒன்று. 1 கிலோ ஓம், 4.7 கிலோ ஓம், 10 கிலோ ஓம் ரெஜிஸ்டர்கள்.
- 1.5 சதுர மி.மீ. ஒயர், பழைய ஒயரிங்கில் வெட்டியெடுத்த பொருத்தமான கனெக்டர், ஃபேனை மேசையோடு இறுக்கப் பிடிக்க இரண்டு கிளாம்ப்.

எலக்ட்ரானிக் சாமான்கள் உள்ளூரில் அகப்படாவிட்டால் சென்னை ரிச்சி தெருவில் எல்லாம் கிடைக்கும், ஆன்லைனிலும் வரும்.

கிளாம்ப் மீட்டர் வாங்கும்போது கவனம் தேவை. விலை குறைந்தவை பலவும் ஏசி கரண்ட் மட்டுமே அளக்கும். ஃபேன் ஒயரில் மாட்டினால் பூஜ்யம் காட்டும். கிளாம்ப் இல்லாமல் மல்டிமீட்டரின் 10 ஆம்ப் துளையில் அளப்பவர்கள், அளந்து முடித்ததும் சிவப்பு ஒயரை வோல்ட் துளைக்கு மாற்ற மறக்கக் கூடாது. மறந்து அடுத்த வோல்டேஜை அளந்தால் அது நேரடி ஷார்ட்.

பவர் சப்ளைக்குப் பதிலாகக் கார் பேட்டரியை வைத்தும் செய்யலாம், ஃபியூஸ் கட்டாயம். மேசைக் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் எஸ்.எம்.பி.எஸ். பவர் சப்ளையை மலிவு என்று எடுக்காதீர்கள். ஃபேன் கிளம்பும்போது இழுக்கும் கரண்ட்டில் அது தானே அணைந்துவிடலாம். பழி ஃபேன் மேல் விழும்.

5. எந்த ஒயர் எது

இரண்டே ஒயர் இருந்தால் அது சாதாரண மோட்டார். வேகத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி தனியாக வேறிடத்தில் இருக்கும். நான்கு ஒயர் இருந்தால் பிரஷ் இல்லாத மோட்டார், கட்டுப்பாட்டுச் சர்க்யூட் உள்ளேயே இருக்கிறது. அந்த நான்கு: பிளஸ், எர்த், வேகச் சிக்னல், வேகத்தைத் திருப்பிச் சொல்லும் பல்ஸ். டொயோட்டா வரைபடங்களில் சிக்னலை எஸ்.ஐ என்றும் பல்ஸை எஃப்.பி என்றும் போட்டிருப்பார்கள்.

ஒயர் நிறத்தை நம்பாமல் உங்கள் மாடலின் வரைபடத்தைப் பார்த்தே முடிவு செய்யவும். நான்கு ஒயர் ஃபேனில் பிளஸையும் மைனஸையும் மாற்றிக் கொடுத்தால் உள்ளிருக்கும் சர்க்யூட் அந்த நொடியே போய்விடும்.

இரண்டு ஒயர் மோட்டாரில் மாற்றிக் கொடுத்தால் எதுவும் எரியாது, ஆனால் ஏமாற்றும். இந்த வகைச் சக்கரம் தலைகீழாகச் சுற்றினாலும் காற்று அதே வாய் வழியாகத்தான் வரும், பலவீனமாக வரும். நல்ல ஃபேனையே இப்படி ஓட்டிப் பார்த்துவிட்டு, காற்று இல்லை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். கூட்டின் மேல் அம்புக்குறி இருந்தால் பாருங்கள். இல்லையென்றால் இரண்டு பக்கமும் ஓட்டிப் பார்த்து, காற்று பலமாக வரும் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

6. முதல் கரண்ட்

இரண்டு ஒயர் மோட்டாருக்கு முதலில் ஓம் அளவு. சில ஓம்களோ அதற்கும் கீழேயோதான் காட்டும். சக்கரத்தை மிக மெதுவாகச் சுற்றிக்கொண்டே அளவைக் கவனியுங்கள். ஏதாவது ஓர் இடத்தில் இணைப்பே இல்லை என்று காட்டினால், கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது அல்லது அது உரசும் செப்பு வளையமான கம்யூட்டேட்டரில் ஒரு கட்டை போயிருக்கிறது. அப்படிப்பட்ட மோட்டார் சில நேரம் கிளம்பும், சில நேரம் கிளம்பாது. காரில் பிடிபடாமல் போக்குக் காட்டும் பழுது அதுதான். பிறகு 4 வோல்ட்டில் தொடங்கி 6, 9, 12 என்று ஏற்றவும். ஒவ்வொரு படியிலும் கரண்ட்டைக் குறித்துக்கொள்ளவும்.

நான்கு ஒயர் ஃபேனில் ஓம் சோதனையால் பயனில்லை. பிளஸுக்கும் எர்த்துக்கும் இடையே நேரடி ஷார்ட் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வோல்டேஜைச் சிறிது சிறிதாக ஏற்றும் முறையும் இதற்கு ஆகாது. உள் சர்க்யூட் விழிக்கவே போதுமான வோல்டேஜ் வேண்டும். ஒரேயடியாக 12.5 வோல்ட் கொடுங்கள், ஆனால் கரண்ட் எல்லையை 1 ஆம்ப்பில் வைத்து, சிக்னல் எதுவும் மாட்டாமல். சக்கரம் நிற்கும்போதே 1 ஆம்ப் எல்லையைத் தொட்டால் உள்ளே மோட்டாரை ஓட்டும் டிரைவர் சர்க்யூட் ஷார்ட். சோதனை அங்கேயே முடிந்தது. மிகக் குறைவாக இழுத்து அமைதியாக இருந்தால் நல்லது. சில வடிவமைப்புகளில் சிக்னல் இல்லாவிட்டால் பாதுகாப்புக்காக முழு வேகத்தில் கிளம்பும், அதனால் கையும் ஒயர்த் துண்டும் சக்கரத்தருகே இருக்கக் கூடாது.

சரியாக இருந்தால் கரண்ட் எல்லையை ஃபியூஸ் அளவுக்கு உயர்த்துங்கள். இதைச் செய்யாமல் அடுத்த கட்டத்துக்குப் போனால் ஃபேன் கிளம்பும், நிற்கும், கிளம்பும், நிற்கும். அது சப்ளை மூச்சுத்திணறுவது, ஃபேனில் குறையில்லை.

7. சிக்னல் கொடுத்து ஓட்டுதல்

இந்தக் கட்டம் நான்கு ஒயர் ஃபேனுக்கானது. அதிகப் பேர் தடுமாறும் இடம் இது. அவசரப்படாமல் செய்யவும்.

ஃபேனுக்கு 12.5 வோல்ட் கொடுத்துவிட்டு, ஒன்றும் மாட்டாத எஸ்.ஐ பின்னுக்கும் எர்த்துக்கும் இடையே வோல்டேஜ் அளக்கவும். 5 வோல்ட்டோ 12 வோல்ட்டோ காட்டினால், ஃபேனே உள்ளிருந்து அந்தக் கோட்டை மேலே இழுத்து வைத்திருக்கிறது. காரின் கம்ப்யூட்டர் அதை எர்த்துக்கு இழுத்து இழுத்து விடுவதுதான் சிக்னல். பூஜ்யத்துக்கு அருகில் காட்டினால், மேலே இழுக்கும் 4.7 கிலோ ஓம் ரெஜிஸ்டரை நீங்கள் வெளியில் மாட்ட வேண்டும். எந்த வோல்டேஜுக்கு மாட்டுவது என்பதைக் காரில் எடுத்த அளவு சொல்லும்.

ஆர்டுயினோவின் காலை நேராக அந்தக் கோட்டில் மாட்டாதீர்கள். கோடு 12 வோல்ட்டில் நின்றால் 5 வோல்ட் சிப் போய்விடும். இடையில் பிசி547 போடுங்கள்: எமிட்டர் எர்த்துக்கு, கலெக்டர் எஸ்.ஐ கோட்டுக்கு, பேஸ் 1 கிலோ ஓம் வழியாக ஆர்டுயினோவுக்கு. இந்த இணைப்பு சிக்னலைத் தலைகீழாக்கும். கருவியில் 30 சதவீதம் வைத்தால் கோட்டில் 70 சதவீத நேரம் வோல்டேஜ் இருக்கும். மெதுவாக ஓட்ட நினைத்தால் ஃபேன் பறப்பது இதனால்தான். கருவியில் வைத்த எண்ணைவிட, மல்டிமீட்டரை எஸ்.ஐ கோட்டில் வைத்து அளந்த டியூட்டியையே எழுதிக்கொள்ளுங்கள், குழப்பமே வராது.

மாட்யூலின் எர்த்தும் ஃபேனின் எர்த்தும் ஒன்றாக இணைந்திருக்க வேண்டும். மாட்யூலுக்கு யு.எஸ்.பி சார்ஜரிலிருந்து தனியே கரண்ட் கொடுத்துவிட்டு எர்த்தை இணைக்காமல் விட்டால், சிக்னல் இருந்தும் ஃபேனுக்குக் கேட்காது.

ஹெர்ட்ஸ் காரில் அளந்ததே. அது வேறாக இருந்தால் சில ஃபேன்கள் சிக்னலையே பொருட்படுத்தாது. ஆர்டுயினோ ஊனோவின் 9ஆம் பின்னில் இயல்பாக வருவது சுமார் 490 ஹெர்ட்ஸ். உங்கள் ஃபேனுக்கு வேறு தேவையென்றால், எண்ணை நேராக மாற்ற முடிகிற மாட்யூல்தான் சுலபம்.

எஃப்.பி ஒயரிலிருந்து 10 கிலோ ஓம் ரெஜிஸ்டரைப் பிளஸுக்கு மாட்டி, அந்தப் புள்ளியில் ஹெர்ட்ஸ் அளக்கவும். ஃபேன் நன்றாகச் சுற்றுகிறது, பல்ஸ் மட்டும் பூஜ்யம் என்றால் முதலில் இந்த ரெஜிஸ்டர் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் பல ஃபேன்களில் பல்ஸ் தெரியாது. காரில் அந்த வேலையைக் கம்ப்யூட்டர் செய்துகொள்கிறது.

இப்போது டியூட்டியை 10 சதவீதம் 10 சதவீதமாக மாற்றி, ஒவ்வொன்றிலும் வேகம் நிலைக்கும்வரை சில நொடி நிறுத்தி, டியூட்டி, ஆம்ப், ஹெர்ட்ஸ் மூன்றையும் எழுதவும். கீழ்க்கோடியிலும் மேல்கோடியிலும் ஃபேன் நின்றுபோனால் பயப்பட வேண்டாம். அந்த எல்லைகளைப் பழுதான சிக்னல் என்று அது எடுத்துக்கொள்வதுண்டு. நடுவில் சீராக ஏற வேண்டும், அவ்வளவுதான்.

8. சுமைச் சோதனைகள்

ஐந்து நிமிடம் சுற்றியதும் ஃபேன் நல்லது என்று சான்று கொடுத்துவிடக் கூடாது. வெயிலில் நின்ற வண்டியில்தான் இது செத்துப்போகும்.

வாயை மூடும் சோதனை: முழு வேகத்தில் ஓடும்போது காற்று உள்ளே போகும் வாயை அட்டையால் மூடுங்கள். சத்தம் கீச்சென்று ஏறும், வேகம் கூடும், ஆனால் ஆம்ப் குறையும். அடைத்தால் சுமை கூடுமென்று நினைப்பது இயல்பு. இந்த வகை ஃபேனில் தள்ளுவதற்குக் காற்று இல்லாததால் சுமை குறைகிறது. மூடினாலும் திறந்தாலும் ஒரே ஆம்ப் என்றால் சக்கரம் ஏற்கெனவே காற்றைத் தள்ளவில்லை: இதழ்களில் பஞ்சு அடைத்திருக்கிறது, அல்லது சக்கரம் தண்டிலிருந்து நழுவுகிறது.

சூட்டுச் சோதனை: முழு வேகத்தில் 30 நிமிடம். சித்திரை, வைகாசி மதியத்தில் தகரக் கூரைப் பட்டறையில் செய்தால் இன்னும் நல்லது, காரின் உள் சூட்டுக்கு அருகில் வரும். 5 நிமிடத்துக்கு ஒருமுறை ஆம்ப்பும் ஹெர்ட்ஸும் எழுதவும். முடிந்ததும் அணைத்து, சூட்டோடு குறைந்த வேகத்தில் மறுபடி கிளப்புங்கள். குளிரில் கிளம்பி, சூட்டில் கிளம்பாத ஃபேனை இந்த ஒரு சோதனைதான் பிடிக்கும்.

ஓடும்போது ஸ்குரூடிரைவரின் பிடியால் கூட்டை மெல்லத் தட்டவும். வேகம் தடுமாறினால் உள்ளே சால்டர் விரிசல் அல்லது பிரஷ் தளர்வு. கடைசியாக 11 வோல்ட்டிலும் 14 வோல்ட்டிலும் ஒருமுறை ஓட்டிப் பார்க்கவும். வோல்டேஜை ஃபேன் கனெக்டரிலேயே அளக்க வேண்டும். சப்ளையின் திரையில் காட்டுவது ஒயரில் இழப்பதற்கு முந்தைய எண்.

இதன் பின் சக்கரத்தை மென்பிரஷ்ஷால் சுத்தம் செய்து, 7ஆம் கட்ட அளவுகளை மறுபடி எடுக்கவும். கம்ப்ரஸர் காற்று அடிப்பதானால் சக்கரத்தை விரலால் பிடித்துக்கொண்டு அடியுங்கள். விட்டால் பேரிங் தாங்காத வேகத்தில் சுற்றும். இதழில் மாட்டியிருக்கும் சிறு கிளிப் சமநிலைக்கானது, அழுக்கென்று பிடுங்காதீர்கள். தண்ணீர் கூடவே கூடாது.

9. எண்களைப் படிப்பது

ஆம்ப் குறைவு, வேகம் அதிகம்: அழுக்கடைத்த சக்கரம். சுத்தம் செய்தபின் ஆம்ப் ஏறினால் வேலை முடிந்தது.

ஆம்ப் அதிகம், வேகம் குறைவு: பேரிங் இறுக்கம். எண்ணெய் விட்டால் சில வாரம் ஓடும், அந்த எண்ணெயில் தூசி ஒட்டி முன்னைவிட மோசமாகும். மாற்றிவிடுவதே சரி.

வேகம் சரி, பல்ஸ் இல்லை: ரெஜிஸ்டர் இருந்தும் இப்படியென்றால் உள் சர்க்யூட் பழுது. காற்று வந்தாலும் கம்ப்யூட்டருக்கு ஃபேன் நின்றதாகவே தெரியும், கோளாறு எண் அழியாது.

மேசையில் எல்லாம் சரி, காரில் மட்டும் ஓடவில்லை: 1ஆம் கட்டத்துக்குத் திரும்பிப் போங்கள். எர்த் போல்ட், ரிலே, கனெக்டரில் விரிந்துபோன பின், இந்த வரிசையில்.

10. திரும்ப மாட்டுதல்

ஸ்பாஞ்ச் சீல் நைந்திருந்தால் புதுசு ஒட்டவும். சீல் இல்லாத டக்ட்டில் காற்று வழியிலேயே கசிந்துவிடும். எர்த் போல்ட்டை இறுக்கியபின் மேலே கிரீஸ் தடவலாம், அடியில் தடவக் கூடாது.

சர்வீஸ் பிளக்கை மாட்டுவதில் மூன்று அசைவு உண்டு: உள்ளே தள்ளுதல், பிடியை மடக்குதல், கடைசியாக நகர்த்திப் பூட்டுதல். மூன்றாவதை விட்டுவிட்டு, வண்டி ரெடி ஆகவில்லை, என்னவோ எரிந்துவிட்டது என்று பதறுவது வழக்கம். பூட்டும் வரை நகர்த்தினால் சரியாகிவிடும்.

12 வோல்ட் மைனஸை மாட்டி, கோளாறு எண்களை அழித்து, ஆக்டிவ் டெஸ்ட்டில் எல்லா வேகத்தையும் மறுபடி ஓட்டவும். பின்சீட் ஓரத்துக் காற்றுத்துளையைக் கையால் தொட்டு உறிஞ்சுகிறதா என்று பாருங்கள். அதில் சல்லடை இருக்கும் மாடல் என்றால் கழற்றித் தட்டுங்கள். பீச்சுக்குப் போய்வரும் வண்டியில் மணல் கொட்டும். அந்தத் துளை மேல் பையோ ஈரத் துண்டோ போடக் கூடாதென்று வண்டிக்காரரிடம் காட்டியே சொல்லிவிடவும்.

பிறகு ஸ்கேனரை மாட்டியபடி கிழக்குக் கடற்கரைச் சாலையில் அரை மணி ஓட்டி, பேட்டரியின் வெப்ப சென்சார்கள் ஒவ்வொன்றையும் பாருங்கள். எல்லாம் ஒன்றையொன்று ஒட்டியே ஏறி இறங்க வேண்டும். ஃபேன் நன்றாக உறிஞ்சியும் ஒரு சென்சார் மட்டும் தனித்து ஏறிக்கொண்டே போனால், அடைப்பு செல்களுக்கு நடுவே இருக்கிறது, அல்லது அந்த இடத்துச் செல் பலவீனம். அதற்குப் பேட்டரிப் பெட்டியைத் திறக்க வேண்டும். அந்த வேலையை உயர் மின்னழுத்தப் பயிற்சி உள்ள பட்டறைக்கு அனுப்பிவிடுங்கள்.